கச்சானும் பேரீச்சம்பழமும்: கருவுற்ற தாயின் உணவும் அதன் சமூக அடிப்படையும்

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம், கருவுற்ற பெண்கள் உலர்பழங்களையும் கொட்டைகளையும் உண்பது பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இது வைத்தியருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் உரிய விடயம் என்று அவர்கள் கூறக்கூடும். ஆயின், எதனை உண்ணலாம், எதனை உண்ணலாகாது என்பது ஒருபோதும் வைத்தியத்தின் எல்லைக்குள் மட்டும் நின்ற வினாவன்று. அது நிலம் யாரிடம் உள்ளது, விளைவு யாருக்குச் செல்கின்றது, குடும்பத்தில் யார் முதலில் உண்கின்றார், யார் இறுதியில் உண்கின்றார் என்ற வினாக்களோடு பின்னிப் பிணைந்தது. வரலாற்றை இறுதியில் நிர்ணயிக்கும் உற்பத்தி இருவகைப்பட்டது என்று ஏங்கெல்ஸ் 1884 இல் வெளியிட்ட குடும்பம், தனிச்சொத்து, அரசு பற்றிய நூலின் முன்னுரையில் விளக்கினார். வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தி ஒன்று. மனிதர்களையே உருவாக்கும் உற்பத்தி மற்றொன்று. முதலாவதைப் பற்றி நாம் எழுதிக் குவித்த அளவுக்கு இரண்டாவதைப் பற்றி எழுதினோமல்லோம். கருவுற்ற பெண்ணின் உணவுத்தட்டு இவ்விரு உற்பத்திகளும் சந்திக்கும் இடமாகும்.

இக்கட்டுரையில் முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பை முன்வைத்து அவ்விடயத்தை நோக்க முயல்கின்றோம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அமைந்த இப்பிரதேசம் கச்சான் விளையும் மண். சத்துமிக்க கொட்டையொன்றை விளைவிக்கும் மண்ணில் வாழும் தாய் சத்துக்குறைவால் வாடுவது எவ்வாறு நேர்கின்றது என்பதே நமது மூலவினா.

1. இலக்கியம் தரும் சான்று

கருவுற்ற பெண்ணின் உணவு வேட்கையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து கவனித்துள்ளனர். 'வயா' என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் வேட்கை மிகுதி எனப் பொருள் கூறும். குறுந்தொகையின் 287 ஆம் பாடலில் நீர் நிறைந்து மலையேறும் கார்முகிலுக்கு, நடக்கவியலாது தளர்ந்து, பசும்புளியில் வேட்கை கொண்ட நிறைசூல் மகளிர் உவமையாகின்றனர். புலவர் நன்னாகையார் ஒரு பெண். அவ்வுவமை வீட்டினுள்ளிருந்து வந்த அவதானம் என்பதில் ஐயமில்லை.

இதனினும் முக்கியமானது புறநானூற்றின் 20 ஆம் பாடல். குறுங்கோழியூர்கிழார் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழுமிடத்து, அவனது நாட்டின் மண்ணைப் பகைவர் உண்ணமாட்டார், வயாவுற்ற மகளிர் மட்டுமே வேட்டு உண்பர் என்ற கருத்தை அமைக்கின்றார். நிலத்தைக் கைக்கொள்வதையும் மண்ணைத் தின்பதையும் 'உண்ணல்' என்ற ஒரே சொல்லால் பிணைக்கும் இச்சாதுரியத்தை உரையாளர்கள் வியந்துள்ளனர். நாம் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். கருப்பகாலத்தில் மண், சாம்பல், பச்சையரிசி முதலியவற்றைத் தின்னும் வேட்கை இரும்புச்சத்துக் குறைபாட்டோடு நெருங்கிய தொடர்புடையது என்பது இன்றைய மருத்துவம் அறிந்த உண்மை. சங்ககாலப் பெண்களுக்கு இன்று நாம் நோய் நிர்ணயம் செய்ய முடியாது. அவ்வாறு செய்வது வரலாற்று முறையியலுக்கு முரணாகும். ஆயினும், பெண்ணின் உடற்குறையைச் சுட்டக்கூடிய ஒரு செயல் வீரயுகப் பாடலில் மன்னனின் பெருமையாக உருமாறி நிற்பதை நாம் காணாது விடலாகாது.

இவற்றுக்கு மாறான ஒரு காட்சி பெரும்பாணாற்றுப்படையிலுண்டு. ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிசையில், குழந்தை ஈன்ற பெண் மான்தோலிற் குழந்தையோடு படுத்திருக்க, ஏனைய பெண்கள் இரும்புப் பூண் பொருத்திய கோலுடன் சென்று நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேகரித்து வருகின்றனர். உற்பத்தி மிகத் தாழ்ந்த நிலையிலிருந்த சமூகம் அது. எனினும் ஈன்றவளுக்கு ஓய்வு உண்டு. அவளது பங்கு உழைப்பைப் பிறர் ஏற்கின்றனர். கொணர்ந்ததில் அவளுக்கும் பங்குண்டு. பற்றாக்குறையைக் கூட்டாகத் தாங்கிய அச்சமூகத்தின் பண்பு பிற்காலத்தில் எவ்வாறு அழிந்தது என்பதை மனத்திருத்தியே நாம் இன்றைய நிலையை நோக்க வேண்டும்.

2. பெயர்களினூடே ஒரு வணிக வரலாறு

உலர்பழங்கள், கொட்டைகள் ஆகியவற்றின் பெயர்களே ஒரு சமூக வரலாற்றைச் சொல்கின்றன. ஈழத்தில் கச்சான் எனப்படுவது தமிழகத்தில் நிலக்கடலை, வேர்க்கடலை எனவும், மணிலாக்கொட்டை எனவும் வழங்கும். இப்பயிரின் தாயகம் தென்னமெரிக்கா. இறுதிப் பெயர் அது வந்த ஐரோப்பியக் கடல்வழி வணிகத்தை நினைவூட்டுகின்றது. முந்திரிகை என்பது பழந்தமிழில் திராட்சையையே குறித்தது. ஈழத்தில் இன்றும் அவ்வாறே. போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரத்துக்கு மரமுந்திரிகை என்று பெயரிட்டோம். அதன் பருப்பைக் கஜு என்பதும் அவ்வழி வந்ததே. பாதாம், பிஸ்தா என்பன பாரசீகச் சொற்கள். உலர்ந்த முந்திரிகையை நம் வீடுகளில் 'பிளம்ஸ்' என்பது ஆங்கிலேயர் காலப் பழக்கம்.

இப்பெயர்ப்பட்டியலில் ஒரு படிநிலை மறைந்துள்ளது. பாதாமும் பிஸ்தாவும் என்றும் செல்வர் வீட்டுப் பண்டங்கள். கஜுவும் பிளம்ஸும் பொங்கலிலும் பாயசத்திலும் எண்ணியெண்ணி இடப்படுபவை. கச்சான் கோயில் திருவிழாவிலும் பேருந்து நிலையத்திலும் சுருளில் கட்டி விற்கப்படும் எளியோர் உணவு. வற்றாப்பளைக் கண்ணகையம்மன் பொங்கலுக்குச் சென்று மீள்வோர் கச்சான் வாங்காது வருதல் அரிது. சத்து எதில் உண்டு என்று கேட்டால் பலரும் இப்படிநிலையையே சத்தின் படிநிலையாகவும் கொள்கின்றனர். விலையுயர்ந்தது சத்துயர்ந்தது என்ற இம்மயக்கம் பண்ட உற்பத்திச் சமூகத்துக்கே உரியது.

3. சத்து பற்றிய உண்மைகள்

இம்மயக்கத்தை நீக்குவதற்கு அளவுகளே போதுமானவை. 100 கிராம் கச்சானில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. பாதாமில் 21 கிராம். கஜுவில் 18 கிராம். கருவின் நரம்புக்குழாய் உரியவாறு மூடிக்கொள்வதற்கு இன்றியமையாத போலேற்று, 100 கிராம் பச்சைக் கச்சானில் 240 மைக்குறோகிராம் வரையுண்டு. வறுக்கும்போது அதில் ஒரு பகுதி இழக்கப்படும். நரம்புக்குழாய் மூடுவது கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள்ளாகும். அஃதாவது, பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றதை அறியுமுன்னரே அது நிகழ்ந்துவிடுகின்றது. ஆதலின் இச்சத்து கருவுறுமுன்னரே உடலில் இருத்தல் வேண்டும். வைத்தியர் தரும் போலிக் அமிலக் குளிசைக்கு எக்கொட்டையும் பதிலாகாது.

பேரீச்சம்பழம் இரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கை நம்மிடையே மிக ஆழமானது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் பேரீச்சம்பழம் இடம்பெற்றது. ஆனால் 100 கிராம் பேரீச்சம்பழத்தில் உள்ள இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம் மட்டுமே. கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு தேவையெனக் கணிக்கப்படுகின்றது. அதனைப் பேரீச்சம்பழத்தால் மட்டும் ஈட்டவேண்டுமாயின் நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். உலர்ந்த முந்திரிகையில் இரும்பு 2 மில்லிகிராமை ஒட்டியது. கச்சானில் 4 அல்லது 5 மில்லிகிராம். கஜுவில் 6 மில்லிகிராமுக்கு மேல். இவற்றையெல்லாம் விஞ்சுவது நமது எள்ளு: 100 கிராமில் 14 மில்லிகிராம் இரும்பும், 900 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியமும் உண்டு.

எண்களை அவ்வாறே எடுத்துக்கொள்வதும் பிழையாகும். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் சிறிதளவே உறிஞ்சும். கொட்டைகளிலும் வித்துகளிலும் உள்ள பைற்றேற்று என்னும் பொருள் அதனை மேலும் தடுக்கும். உணவோடு அருந்தும் தேநீரும் அவ்வாறே. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம் ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி உறிஞ்சுதலைக் கூட்டும். ஆதலால் எள்ளுருண்டையோடு பிளேன்ரீ அருந்துவதை விடுத்து, தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் தள்ளிவைப்பதும், சோற்றோடு தேசிக்காய் பிழிந்த முருங்கையிலை வறை உண்பதும் காசில்லாத சீர்திருத்தங்களாம். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு இலகுவில் உறிஞ்சப்படும். முல்லைத்தீவுக் கடலை அண்டிவாழும் மக்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். இவையாவும் இருந்தும், கருப்பகாலத்தின் தேவையை உணவால் மட்டும் நிறைவுசெய்தல் கடினம் என்பதாலேயே உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் வரையான இரும்பையும் 400 மைக்குறோகிராம் போலிக் அமிலத்தையும் குளிசையாகப் பரிந்துரைக்கின்றது. குருதியில் ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமிலும் குறைவதைக் கருப்பகால இரத்தச்சோகை என்பர்.

எனின், உலர்பழத்தின் பயன் யாது? அதன் பயன் வேறிடத்திலுள்ளது. பழத்தின் நீரை வெயில் எடுத்துவிடுவதால் வெல்லமும் நார்ப்பொருளும் செறிவடைகின்றன. கருப்பகால மலச்சிக்கலுக்கு நார்ப்பொருள் உதவும். குமட்டலால் சோறு இறங்காத நாளில் சில முந்திரிகைகளோ இரு பேரீச்சம்பழங்களோ சிறிது வலுவைத் தரும். கருப்பத்தின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 340 கலோரியும், இறுதிப்பகுதியில் 450 கலோரியும் மேலதிகமாகத் தேவைப்படுகின்றன. ஒரு கைப்பிடிக் கச்சான், அஃதாவது 30 கிராம், 170 கலோரி தரும். கூடவே 7 கிராமுக்கு மேற்பட்ட புரதமும் தரும். அதே செறிவு தீமையுமாகலாம். பேரீச்சம்பழத்தின் எடையில் மூன்றில் இரு பங்களவு வெல்லம். கருப்பகால நீரிழிவு கண்டறியப்பட்ட தாய் இவற்றின் அளவைத் தனது வைத்தியரோடு கலந்தே தீர்மானிக்க வேண்டும்.

4. அச்சங்களும் அவற்றின் வேர்களும்

நமது சமூகத்தில் கருவுற்ற பெண்ணுக்குரிய உணவு விலக்குகள் பல. சூடு, குளிர் என்ற பாகுபாட்டில் பேரீச்சம்பழமும் எள்ளும் சூடாகும். எனவே முதன்மாதங்களில் அவை கருவைக் கலைக்கும் என்பர். உணவாக உண்ணும் அளவில் இவை கருவைக் கலைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்ற மற்றோர் அச்சமும் உண்டு. இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. வரலாற்று நோக்கில் அது நியாயமன்று. அறுவைச் சிகிச்சை எட்டாத காலத்தில், தடைப்பட்ட பேறு பெரும்பாலும் மரணமாகவே முடிந்தது. இலங்கையில் 1940 களின் நடுப்பகுதியில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அந்நிலையில் சிறிய பிள்ளை என்பது தாயின் உயிருக்கான காப்பீடாகத் தோன்றியது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், நாடெங்கும் பரவிய மருத்துவ மாதர் சேவையும், இலவச வைத்தியமும் அவ்வெண்ணிக்கையை அண்மைக்காலத்தில் நாற்பதுக்கும் கீழே கொண்டுவந்துள்ளன. அச்சத்தின் பொருளாயத அடிப்படை மறைந்துவிட்டது. அச்சம் மட்டும் எஞ்சி நிற்கின்றது. கருத்துநிலை அதன் அடித்தளத்தினும் நீண்டு வாழும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நமது மரபு பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரான உணவில் மிகுந்த அக்கறை காட்டியது. சரக்கரைத்த பத்தியக்கறியும் மீனும் கோழியும் அக்காலத்துக்கே உரியவை. பேற்றுக்கு முந்திய ஒன்பது மாதங்களுக்கு அத்தகைய ஒழுங்கான ஏற்பாடு இல்லை, விலக்குகளே மிகுதி. குங்குமப்பூ உண்டால் பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை அவ்விடைவெளியிற் புகுந்துகொண்டது. தோல்நிறம் மரபணுக்களால் அமைவது, பூவிதழால் மாறுவதன்று. நிறத்தை உயர்வாகவும் தாழ்வாகவும் மதிக்கும் சாதிய, காலனித்துவ மனப்பாங்கு கருவறை வரை சென்றமைக்கே இது சாட்சி.

பேரீச்சம்பழம் பேற்றை இலகுவாக்கும் என்ற நம்பிக்கை இஸ்லாமிய மரபிற் பெருமதிப்புடையது. திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் பேறுகால வேதனையுற்ற மர்யம் பேரீச்ச மரத்தடியில் அதன் கனியைப் பெறுகின்றார். முல்லைத்தீவில் இம்மரபைப் பேணிய முஸ்லிம் அயலவர், 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது தாமும் அகற்றப்பட்டனர் என்பதையும் இவ்விடத்தில் நேர்மையுடன் பதிவுசெய்தல் வேண்டும். ஜோர்தானில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்றில், பேற்றுக்கு முந்திய நான்கு வாரங்கள் நாளொன்றுக்கு ஆறு பேரீச்சம்பழம் உண்ட 69 பெண்களுக்கு, உண்ணாத 45 பெண்களிலும் பார்க்க வலி இயல்பாகத் தொடங்குதல் அதிகமாக இருந்தது. ஆயின் உண்பதும் உண்ணாமையும் அப்பெண்களின் சொந்தத் தெரிவாக இருந்தமையால், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. பின்வந்த ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை.

விஞ்ஞானமும் தன் அச்சங்களைத் திருத்திக்கொண்டுள்ளது. ஒவ்வாமை வரலாறுடைய குடும்பத்துப் பெண்கள் கருப்பகாலத்தில் கச்சானைத் தவிர்க்கலாம் என்று பிரித்தானிய அரசு 1998 இல் அறிவுரை வழங்கியது; போதிய ஆதாரமின்மையால் 2009 இல் அதனைக் கைவிட்டது. தனக்கே கச்சான் ஒவ்வாத பெண் அதனைத் தவிர்க்க வேண்டும். ஏனையோர் அஞ்ச வேண்டியதில்லை.

உண்மையாகவே அஞ்சத்தக்கது பூஞ்சணம். 1960 இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கே காரணமெனக் கண்டறிந்தனர். அதிலிருந்த நஞ்சே அஃப்லரொக்சின். ஈரத்தோடு சேமிக்கப்படும் கச்சானிலும் சோளத்திலும் வளரும் பூஞ்சணம் அதனைச் சுரக்கும். ஈரலைத் தாக்கும் அந்நஞ்சு கருவையும் சென்றடையக்கூடியது. வறுப்பதால் முற்றாக அழியாது. அறுவடை வேளையில் மழை பெய்தால் கச்சானை உலர்த்துவது கடினம். உலர்தளமும் நல்ல களஞ்சியமும் உடையவன் நல்ல கச்சானை விற்கின்றான்; அவையில்லாத குடும்பத்தில், விற்பனைக்கு ஒதுக்கப்பட்ட சுருங்கியதும் நிறம் மாறியதுமான கச்சானே வீட்டில் உண்ணப்படும் அபாயமுண்டு. விலைபோகாததே வீட்டுக்குரியது என்ற பொருளாதார நியதி இங்கே தாயின் உடலில் நஞ்சாகலாம். சுருங்கிய, கசந்த, பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பெண்களும் பிள்ளைகளும் உண்ணவே கூடாது.

5. புதுக்குடியிருப்பு: மண்ணும் போரும்

வன்னியின் காட்டோரக் கிராமங்கள் ஒருகாலத்தில் தமக்கெனக் கொட்டைகளும் உலர்பண்டங்களும் கொண்டவை. பனாட்டும் ஒடியலும் புழுக்கொடியலும் பஞ்சகாலச் சேமிப்புகள். பாலைப்பழம், வீரைப்பழம், நாவற்பழம், ஈச்சம்பழம் என்பன காட்டின் கொடை. மேட்டுநிலத்தில் கச்சானும் எள்ளும் பயறும் உழுந்தும் விளைந்தன. 1970 – 77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் கீழ் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய குடியேற்றங்களில் மிளகாயும் வெங்காயமும் செழித்தமையும், 1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின் அச்செழிப்பு தளர்ந்தமையும் யாவரும் அறிந்தவை. அக்கட்டுப்பாட்டுக் காலத்தையும் நாம் பொற்காலமாகப் புனைந்துரைக்க முடியாது. 1974 இல் மலையகத் தோட்டங்களில் உணவுப் பற்றாக்குறையால் மரணங்கள் பெருகியதும் அதே ஆட்சியிலேதான்.

போர் இவ்வுணவு ஒழுங்கைச் சிதைத்தது. 1990 க்குப் பின் வன்னிக்கு எரிபொருள், மருந்து முதலிய பலவற்றைக் கொண்டுசெல்வதற்குத் தடையும் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டன. 2002 போர்நிறுத்தத்தோடு திறந்த ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 பெப்ரவரி முதல்வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை பலமுறை எறிகணைக்கு இலக்கானது. நோயாளரும் பணியாளரும் அதனைவிட்டு வெளியேறினர். பேற்றுக்காக அங்கே வந்திருக்கக்கூடிய பெண்களுக்கு எஞ்சியது பதுங்குகுழி. இறுதி மாதங்களில் அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே மக்களின் உணவு. அதனையே இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சியென நினைவுகூர்கின்றோம். அவ்வரிசையில் நின்றவருள் கருவுற்றவரும் இருந்தனர் என்பதை அந்நினைவுகூரல் மறக்கலாகாது.

பின்னர் முகாம் வாழ்வு. செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. மீண்டவர்கள் அனைவரும் தம் காணிக்கு மீளவில்லை. புதுக்குடியிருப்புக்கு அண்மித்த கேப்பாப்பிலவு – பிலக்குடியிருப்பு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிகளுக்காக 2017 ஜனவரி இறுதியில் தொடர் போராட்டம் தொடங்கினர். பெண்களே அதன் முன்னணியில் இருந்தனர். பிலக்குடியிருப்புக் காணிகள் அவ்வாண்டு மார்ச்சில் விடுவிக்கப்பட்டன. காணி என்பது ஓர் அரசியற் கோரிக்கை மட்டுமன்று. அது தென்னையும் பனையும் முருங்கையும் தேசியும் நின்ற வளவு. வளவை இழந்தவள் இலவசமாகக் கிடைத்த உயிர்ச்சத்தையும் இரும்பையும் கல்சியத்தையும் இழந்தாள். அவற்றைக் கடையில் வாங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டாள்.

6. திரிபோஷாவும் அரசும்

கருவுற்ற தாய்மாருக்கு அரசு செய்தவற்றையும் மதிப்பிட வேண்டும். 1973 இல் அமெரிக்கத் தானிய உதவியுடன் திரிபோஷா தொடங்கியது. சோளமும் சோயாவும் உயிர்ச்சத்துகளும் சேர்ந்த இம்மாவைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் கிளினிக்குகளில் வழங்குகின்றனர். பின்னர் அது உள்நாட்டு உற்பத்தியாகியது. அதன் சமூகப் பெறுமதியைக் குறைத்துக் கூற முடியாது. ஆயின், இரசாயனப் பசளை இறக்குமதி 2021 இல் தடைசெய்யப்பட்டதோடு சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022 நெருக்கடியில் திரிபோஷாவும் தட்டுப்பாடாயிற்று. அதே ஆண்டில் அதன் அஃப்லரொக்சின் அளவு பற்றிய சர்ச்சையும் எழுந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை எட்டியது. அத்தகைய மாதத்தில் கருவுற்ற ஏழைப் பெண்ணிடம் பாதாம் உண்ணுமாறு கூறுவது அறிவுரையன்று, பரிகாசம்.

தாய்மாருக்கான சத்துணவுப் பொதி 2015 அளவில் மாதம் 2,000 ரூபாவாகப் பத்து மாதங்களுக்கு வழங்கப்பட்டது. மாதம் 4,500 ரூபாவாக இருந்த கொடுப்பனவை 5,000 ரூபாவாக உயர்த்த 2025 வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால் பணமோ பொதியோ வீட்டுக்குள் நுழைந்ததும் அது தாயின் வயிற்றுக்குச் செல்லும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்பவள் அவள். திரிபோஷா உருண்டை மூத்த பிள்ளையின் கைக்குச் செல்வது எங்கும் காணப்படுவது. இது தாயன்பு எனப் போற்றப்படும்வரை, அவளது இரத்தச்சோகையும் தாயன்பின் அடையாளமாகவே நீடிக்கும்.

7. விளைவிப்பவளும் உண்பவளும்

இனி நமது மூலவினாவுக்கு வருவோம். மழையை நம்பி விதைக்கப்படும் கச்சான் நான்கு மாதமளவிற் பலன் தரும். விதைத்தல், களைபிடுங்கல், செடி பிடுங்குதல், ஆய்தல், உலர்த்துதல், கோது உடைத்தல் ஆகிய வேலைகளிற் பெரும்பகுதி பெண்களின் கைகளால் நடைபெறுவது. கூலிக்குச் செல்லும் பெண் ஆணிலும் குறைந்த கூலியே பெறுகின்றாள். விளைந்ததும் விதைக்கடனும் நுண்கடனும் வாசலில் நிற்கும். எல்லாருடைய கச்சானும் ஒருங்கே சந்தைக்கு வரும் வேளையில் விலையும் தாழும். வைத்திருந்து விற்பதற்கு வசதியுள்ளவர் வியாபாரியே. அதே கச்சான் வறுபட்டு, பொதியிடப்பட்டு, கச்சான் அல்வாவாகவோ வெண்ணெயாகவோ மாறி, பன்மடங்கு விலையுடன் அதே ஊர்க் கடைக்கு மீளும். விளைவித்தவளுக்கு அது இப்போது அந்நியப் பொருள். உழைப்பாளி தன் உழைப்பின் விளைபொருளிலிருந்து அந்நியப்படுகின்றாள் என்ற கோட்பாட்டுக்கு, தான் பிடுங்கிய கச்சானைக் கருவுற்ற காலத்தில் உண்ணாத பெண்ணினும் துலக்கமான உருவம் வேறில்லை.

இதன் மறுமுனையில், நகரங்களில் கருவுற்ற பெண்களுக்கென அழகிய பெட்டிகளில் பாதாமும் அத்தியும் அக்குறோட்டும் விற்கப்படுகின்றன. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒவ்வொரு கொட்டை எனவும், பிள்ளையின் மூளைக்கு இது, நிறத்துக்கு அது எனவும் விளம்பரம் பேசுகின்றது. தாய்மையின் இயல்பான கவலை சந்தையின் மூலதனமாகின்றது. பாதாம் நல்ல உணவே; அதனை வாங்க இயலாதவள் தன் பிள்ளைக்குத் துரோகம் செய்கின்றாள் என்ற மறைமுகக் குற்றச்சாட்டே பொய்.

முடிவாகச் சிலவற்றைக் கூறலாம். புதுக்குடியிருப்புத் தாய்க்கு அரேபியாவிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் எதுவும் வந்தாக வேண்டுமென்பதில்லை. நாளுக்கு ஒரு கைப்பிடி நன்கு உலர்ந்த கச்சான், ஓர் எள்ளுருண்டை, கிடைக்கும்போது இரண்டு பேரீச்சம்பழம், கீரையும் மீனும் தேசிக்காயும், கிளினிக்கில் தரும் குளிசை: இவை போதிய தொடக்கமாகும். அவள் இவற்றை உண்பதற்கோ அவளுக்கு வளவு வேண்டும். தாய்மாரின் கச்சானை உலர்த்தவும் சேமிக்கவும் நியாய விலைக்கு விற்கவும் அவர்களே நடத்தும் கூட்டுறவு வேண்டும். வேலைத்தளத்தில் ஓய்வும், வீட்டில் முதற்பரிமாறலும் வேண்டும். திரிபோஷாவில் வன்னிக் கச்சானுக்கும் எள்ளுக்கும், நஞ்சுப் பரிசோதனையோடு, இடமளிக்க முடியாதா என்பது நமது விவசாய, ஊட்டச்சத்துத் துறைகள் ஆராயவேண்டிய வினா.

புல்லரிசி கிண்டி வாழ்ந்த எயினர் சமூகம் ஈன்றவளைப் படுக்கவைத்துத் தானே உழைத்தது. அதனினும் பன்னூறு மடங்கு செல்வம் படைத்த நமது சமூகம், கருவுற்றவளைக் கச்சான் பாத்தியில் குனியவைத்து, மாலையில் அவள் கையில் ஒரு விளம்பரத்தைக் கொடுக்கின்றது. இம்முரண்பாட்டை இலக்கிய மாணவரும் விஞ்ஞான மாணவரும் சேர்ந்தே ஆராய வேண்டும். தீர்வு, அவளோடு சேர்ந்து நாம் நடத்தும் போராட்டத்திலேயே பிறக்கும்.